கடற்கரை ஊரில் காரின் ஐடிலிங் நடுக்கமும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கும்: பழுதைக் கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

விடியற்காலையில் மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ வீட்டு வாசலில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) எஞ்சின் விட்டுவிட்டு உதறுகிறது, ஸ்டீயரிங்கில் கை நடுங்குகிறது, மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் படம் எரிகிறது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அதே வண்டி ஒன்றும் நடவாதது போல ஓடுகிறது. பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் மெக்கானிக் காதுக்குக் குறையே தெரிவதில்லை. இராமநாதபுரம் கடற்கரையில் கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான காட்சி இது. இதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றில் இருக்கும் உப்பு என்பதால், மற்ற ஊர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளின் வரிசையை இங்கே சற்று மாற்றித்தான் பின்பற்ற வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர் கோத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே கப்ளருக்குள் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்புக்குள்) படிந்த மெல்லிய உப்புப் படலம், இரவிலும் அதிகாலையிலும் மின்சாரம் கசியும் ஈரப் பாலமாகவும், நண்பகலில் பெரும்பாலும் உலர்ந்த படலமாகவும் மாறி மாறி நடந்துகொள்கிறது. காரைக்குடியில் தலைமையிடம் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு கிளை மையம் வைத்திருக்கிறது என்பதிலிருந்தே இந்தக் காற்றின் குணத்தை அறிந்துகொள்ளலாம்.

கீழே சொல்லப்படுவது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கானது. டீசலைப் பற்றிப் பின்னால் சுருக்கமாக வரும். ஒரு ஸ்கேனர், ஒரு மல்டிமீட்டர், ஸ்பார்க் பிளக் கழற்றும் ஸ்பேனர், சிறிது பொறுமை ஆகியவை இருந்தால் இந்தப் படிகளில் பெரும்பாலானவற்றை வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம்.

முதல் படி: விளக்கு எப்படி எரிகிறது?

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியின் இழுவையில் பெரிய மாற்றம் இல்லையென்றால், மெதுவாக வீடு வரை ஓட்டிச் செல்லலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அப்படி ஓட்டக் கூடாது. ஒரு சிலிண்டரிலோ பலவற்றிலோ எரிபொருள் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது என்றும், அது சைலன்சர் வழியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும் என்றும் எஞ்சின் கணினி அதன்மூலம் சொல்கிறது. சில நூறு ரூபாய் பிளக்கில் முடிந்திருக்க வேண்டிய செலவு, பல ஆயிரங்களாக வளர்வது இந்த இடத்தில்தான். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் விளக்கு மின்னத் தொடங்கினால், அங்கே ஓரங்கட்டாமல், ஆக்சிலேட்டரைத் தளர்த்தி மெதுவாகப் பாலத்தைக் கடந்து, கரையில் இறங்கிய பிறகு நிறுத்துங்கள்.

சிவப்பு நிற ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிவது வேறு விஷயம். அப்போது பாதுகாப்பான முதல் இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இந்த வழிகாட்டி அதற்கானதன்று.

இரண்டாம் படி: உதறுவது எஞ்சினா, அதைத் தாங்கும் மவுண்டா?

இதைப் பார்க்காமல் பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் என்று மாற்றிக்கொண்டே போனவர்கள் உண்டு. ஐடிலிங்கில் ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சூடான எஞ்சின் 650 முதல் 850 வரையிலான சுற்றில் நிற்கும். ஏ.சி. போட்டால் சற்று உயரும். முள் அசையாமல் நிற்க, உடல் மட்டும் அதிர்ந்தால், எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முள்ளும் சேர்ந்து ஏறி இறங்கினாலோ, சைலன்சர் முனையில் பிடித்த உள்ளங்கையில் ‘பொத் பொத்’ என்று சீரற்ற அடி விழுந்தாலோ, அது நம் ஊர் மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்லும் எரிப்புக் குறைதான்.

நடுக்கம் எப்போது வருகிறது என்பதை மூன்று நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். காலையில் மட்டுமா, ஏ.சி. போட்டாலா, பெட்ரோல் போட்டவுடனா, மழைக்குப் பிறகா, வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாளா? ஸ்கேனர் தராத தடயங்கள் இந்தக் குறிப்பில் இருக்கும்.

மூன்றாம் படி: கோடுகளைப் படித்தல்

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பி.எஸ். 4 கார்களிலும், 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 கார்களிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே எஞ்சின் கணினியோடு பேச உதவும், 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் அடாப்டரும் கைப்பேசியில் ஒரு செயலியும் இருந்தால், பட்டறைக்குப் போகாமலேயே கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீடுகளான கோடுகளைப் படித்துவிடலாம். அடாப்டரில் விளக்கே வரவில்லையென்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃப்யூஸ்தான். அதுவும் சரியாக இருந்தால் சாக்கெட்டின் பின்களில் பச்சைப் பூஞ்சை போல ஏதாவது படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கோடுகளை அழிக்கும் பொத்தானை இப்போது தொடவே வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றோடு ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பகுதியில், குறை பதிவான கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது, வேகம் என்ன என்பவை சேமிக்கப்பட்டிருக்கும். கோடை அழித்தால் அவையும் போய்விடும்.

கோடின் முதல் எழுத்து ‘பி’ (P) என்றால் எஞ்சின், கியர் சார்ந்தது. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது, 1 என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாம் இடத்தில் 1 வந்தால் காற்றும் எரிபொருளும், 2 வந்தால் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் சுற்று, 3 வந்தால் இக்னிஷனும் மிஸ்ஸிங்கும், 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு, 5 வந்தால் வேகமும் ஐடிலிங்கும். ஐடிலிங் நடுக்கத்தோடு அடிக்கடி வருபவை சில: பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஸிங், பி0301 முதல் பி0304 வரை முறையே முதல் முதல் நான்காம் சிலிண்டர், பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, பி0172 என்றால் அதிகம், பி0351 முதல் பி0354 வரை காயில் சுற்று, பி0506, பி0507 ஐடிலிங் மிகக் குறைவு, மிக அதிகம், பி0562 மின்னழுத்தம் குறைவு.

கோடு என்பது கணினிக்கு எங்கே வலி தெரிந்தது என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவது பல பட்டறைகளின் வழக்கம். கலவையில் பெட்ரோல் குறைவு என்று உண்மையாகவே சொன்ன சென்சாரைத் தண்டிப்பதுதான் அது. நானும் ஒருமுறை அந்தச் செலவைச் செய்திருக்கிறேன். உச்சிப்புளியில் நிற்கும் என் 2014ஆம் ஆண்டுக் காரில் பி0300 வந்தபோது, ஒரு பட்டறையில் நான்கு பிளக்கும் ஒரு ஆக்சிஜன் சென்சாரும் மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் விளக்கு திரும்ப வந்தது. கடைசியில் பழுது எங்கே இருந்தது என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

நான்காம் படி: பானெட்டைத் திறந்து, எதையும் கழற்றாமல் பார்த்தல்

வேட்டியையும் துண்டையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுழலத் தொடங்கும். எஞ்சின் ஆறிய நிலையில், டார்ச் வெளிச்சத்தில், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) வரை செல்லும் பெரிய ரப்பர்க் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மெல்லிய ஹோஸ்களின் முனைகள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் வீட்டார் வெளிநாட்டில் இருக்க, மாதக்கணக்கில் உறைபோட்டு நிற்கும் கார்களில், எலி கடித்த ஒயர்தான் பழுதாக இருப்பதும் உண்டு. எஞ்சின் மேல்மூடியின் பின்பக்கத்திலும் பேட்டரித் தட்டின் அடியிலும் எலிப் புழுக்கையோ தேங்காய்நாரோ தென்பட்டால், அந்த வழியாகப் போகும் ஒயர்க் கட்டு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனை வரை அடிக்கடி போய்வரும் வண்டியில் மெல்லிய மணல் கொட்டும். கையேட்டில் எழுதியுள்ள கிலோமீட்டர் வரை காத்திருக்காமல், அதில் பாதியில் மாற்றுவது இந்தக் கடற்கரைக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: பேட்டரியும் எர்த்தும்

வேறு ஊர்களில் இது கடைசியில் வரும். இங்கே முதலில் வர வேண்டும். காயில், இன்ஜெக்டர், சென்சார், கணினி அனைத்தும் எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) வழியாகவே மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த வழி அடைபட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பொய் சொல்லும். கோடுகளும் நாளுக்கொன்றாக மாறும்.

எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆன பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். பேட்டரித் தலையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், முதலில் நெகட்டிவையும் பிறகு பாசிட்டிவையும் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசி, உலர்த்தி மாட்டுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

பிறகு எர்த்தைக் கண்ணால் நம்பாமல் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் மீதே (கிளாம்ப் மீது அன்று) வையுங்கள். சிவப்பு முனையை எஞ்சினின் வர்ணமில்லாத உலோகப் பகுதியில் அழுத்துங்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைட், ஏ.சி. புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்ட நிலையில் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. 0.2ஐத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. இதே அளவீட்டை வண்டியின் பாடியில் ஓர் இடத்திலும் எடுங்கள். எது அதிகமாகக் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து எர்த் ஒயர்தான் சந்தேகத்துக்குரியது.

என் காரில் எஞ்சின் பக்கம் 0.7 வோல்ட் காட்டியது. ஒயர் வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தது. பேட்டரித் தட்டுக்கு அடியில் அதன் லக்கை (ஒயர் முனையில் உள்ள உலோக வளையத்தை) கழற்றி, உறையை ஓரங்குலம் கீறிப் பார்த்தபோது, உள்ளே செம்பு இழைகள் கறுத்தும் பச்சைத் தூளாகவும் கையோடு வந்தன. தந்துகிக் குழாயில் நீர் ஏறுவது போல, உப்பு ஈரம் லக்கின் வாயிலிருந்து இழைகளுக்கிடையே ஊர்ந்து ஏறிவிடுகிறது. டின் பூசிய இழைகள் கொண்ட ஒயரை அதே தடிமனில் வாங்கி, லக்கை நன்றாக அழுத்திப் பிடித்து, வாயைப் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடி மாட்டினேன். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தை மட்டும் பளபளக்கச் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன். மிஸ்ஸிங் அன்றே நின்றது.

ஆறாம் படி: கப்ளர்களிலிருந்து உப்பை எடுத்தல்

கடைகளில் விற்கும் கான்டாக்ட் கிளீனர் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும். உப்பு அதில் எளிதில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே உப்புப் படிந்த கப்ளரைக் கிளீனரால் மட்டும் அடித்தால், இரண்டு வாரத்தில் குறை திரும்பிவரும்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். காயில், இன்ஜெக்டர், மேப் சென்சார் (எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), த்ராட்டில், கேம், கிராங்க் சென்சார் ஆகியவற்றின் கப்ளர்களை ஒவ்வொன்றாக மட்டும் கழற்றுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றினால் மாற்றி மாட்டிவிட நேரும். பூட்டு நாக்கை அழுத்தி, ஒயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளர் உடலைப் பிடித்து இழுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் பின்களை மென்மையாகத் தேயுங்கள். அழுக்கு வடிந்த பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்தால், மிச்சமுள்ள நீரையும் அது இழுத்துக்கொண்டு உலர்ந்துவிடும். அதன் பிறகே கான்டாக்ட் கிளீனர். நன்றாக உலர்ந்ததும் கப்ளரின் ரப்பர் வளையத்தில் டைஎலெக்ட்ரிக் கிரீஸை மெல்லிதாகத் தடவி, ‘டிக்’ என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள்.

பச்சை பிடித்த பின்னை உப்புத்தாளால் தேய்க்கும் ஆசை வரும். பெயரிலேயே உப்பு இருக்கும் அந்தத் தாளை இங்கே தொட வேண்டாம். பின்னின் மேல் உள்ள டின் அல்லது தங்கப் பூச்சை அது உரித்துவிட்டால், அடியிலுள்ள செம்பை அடுத்த மழைக்காலத்துக்குள் காற்று தின்றுவிடும். பின்னே தேய்ந்து மெலிந்திருந்தால் அந்தப் பின்னையோ கப்ளரையோ மாற்றுவதுதான் வழி.

இந்த இடத்தில் வாட்டர் சர்வீஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தனுஷ்கோடி போய் வந்ததும் எஞ்சினுக்குள் உயர் அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கச் சொல்வது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் கெடுதல். அழுத்தத்தில் நீர் பிளக் குழிக்குள்ளும் கப்ளருக்குள்ளும் புகுந்துவிடும். போதாக்குறைக்கு, கடலோரத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரே உவர்ப்புதான். வண்டியின் அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், எஞ்சின் அறையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். காவிரிக் கூட்டுக்குடிநீரைக் குடம் குடமாகப் பிடித்துவைக்கும் வீட்டில் அதைக் காருக்கு ஊற்ற மனம் வராதுதான், துடைப்பதற்கு அரை வாளி போதும்.

ஏழாம் படி: பிளக்கும் காயிலும்

ஆறிய எஞ்சினில் காயில்களைக் கழற்றி, பிளக் குழிக்குள் டார்ச் அடியுங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டும், தண்ணீரோ துருவோ இருந்தால் மேற்சொன்ன வாட்டர் சர்வீஸும் காரணம். குழியைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அழுக்கு சிலிண்டருக்குள் விழும்.

பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிப்பு நன்றாக இருக்கிறது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளிறிய வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு அல்லது அதிக வெப்பம், எண்ணெய்ப் பசை என்றால் ரிங் அல்லது வால்வ் சீல். வெள்ளைப் பீங்கானின் பக்கவாட்டில் பென்சிலால் கோடு இழுத்தது போலத் தெரிந்தால், 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இடைவெளியைத் தாண்டாமல் பீங்கான் மேலேயே ஓடியிருக்கிறது என்று பொருள். அந்தப் பிளக்கைத் துடைத்துப் பயனில்லை, அதன் காயில் ரப்பரின் உட்புறத்திலும் அதே கோடு இருக்கும். சாதாரண நிக்கல் பிளக்குகள் 30,000 முதல் 40,000 கி.மீ. வரையிலும், இரிடியம் பிளக்குகள் ஏறத்தாழ ஒரு லட்சம் வரையிலும் ஓடும். இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி மட்டும் வையுங்கள். மாட்டும்போது முதலில் கையால் திருகி, மரை சரியாகப் பிடித்த பிறகே ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். அலுமினிய ஹெட்டின் மரை போய்விட்டால் செலவு பெரிது.

ஒரு சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. பி0302 வந்திருந்தால், இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றி மாட்டி, கோடை அழித்து, ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று கோடு இடம்பெயர்ந்தால் காயில்தான் குற்றவாளி. இடம்பெயராவிட்டால் இதே போலப் பிளக்கையும் பிறகு முடிந்தால் இன்ஜெக்டரையும் மாற்றிப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு காயிலையும் மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எட்டாம் படி: காற்றுக் கசிவு

ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கிறது. எஞ்சின் மிகக் குறைந்த காற்றையே உறிஞ்சுகிறது. அந்தச் சிறு அளவோடு ஒப்பிட்டால், கிழிந்த ஹோஸ் வழியே திருட்டுத்தனமாக நுழையும் காற்று பெரும்பங்கு. வேகமாகப் போகும்போது அதே கசிவு கணக்கிலேயே வராது. சிக்னலில் உதறும் வண்டி ஓட்டத்தில் சரியாகிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்கேனரில் ‘ஃப்யூயல் ட்ரிம்’ (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எண்கள் இரண்டையும், குறுகிய காலத்தையும் நீண்ட காலத்தையும், கூட்டிப் பாருங்கள். கூட்டல் எண் என்றால் கணினி பெட்ரோலை அதிகப்படுத்திச் சமாளிக்கிறது. பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் 20க்கு மேல் இருந்து, 2,500 சுற்றில் பத்துக்குக் கீழே இறங்கினால் காற்றுக் கசிவு என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். மாறாக, வேகம் கூடக் கூட எண்ணும் உயர்ந்தால், பெட்ரோல் போதவில்லை என்று பம்ப்பையும் ஃபில்டரையும் பாருங்கள். நம் ஊரில் ஓடும் பல சிறிய பெட்ரோல் கார்களில் காற்றை நேரடியாக அளக்காமல் மேப் சென்சாரால் கணக்கிடுவதால், கசிவு பெட்ரோல் குறைவாகக் காட்டாமல் ஐடிலிங்கை உயர்த்திக் காட்டுவதும் உண்டு. அத்தகைய வண்டியில் நல்ல எஞ்சினுக்கு மேப் எண் ஐடிலிங்கில் 25 முதல் 40 கிலோபாஸ்கல் வரை இருக்கும். அதைவிட உயர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க, ஹோஸ்களை ஒவ்வொன்றாக மூக்குக் குறட்டால் துணி வைத்து மெல்ல நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் சீராகிறதோ அந்தப் பாதையில்தான் பழுது. பிரேக்கை மிதித்துப் பிடித்தபோது ஐடிலிங் மாறினால் பிரேக் பூஸ்டர். ஆயில் மூடியைத் தூக்க முடியாதபடி உள்ளே இழுத்தால் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் உறிஞ்சவிடும் பி.சி.வி. வால்வின் சவ்வு கிழிந்திருக்கலாம். பெட்ரோல் நிரப்பியவுடன் மட்டும் உதறினால், பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வ் மூடாமல் நிற்கிறது. குளிர்ந்த எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, டேங்க் பக்கத்திலிருந்து வரும் ஹோஸை அதிலிருந்து கழற்றி வால்வின் வாயில் விரல் வையுங்கள். உறிஞ்சல் இருக்கக் கூடாது. சூடான எஞ்சின் மீது கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துக் கசிவு தேடும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை, தீப்பிடிக்கும்.

ஒன்பதாம் படி: த்ராட்டில் பாடி

த்ராட்டில் தகட்டின் விளிம்பில் சேரும் கரிப்பசை, ஐடிலிங்குக்கான மெல்லிய காற்று வழியை அடைத்துவிடும். எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் சாவி போட்ட நிலையில் தகட்டை விரலால் தள்ளக் கூடாது. கியர்ப் பற்கள் உடையும், விரலும் நசுங்கும். பேட்டரியைக் கழற்றி, த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். துடைத்த பிறகு ஐடிலிங் முன்பைவிட அதிகமாகவோ தடுமாறியோ நின்றால் பதற வேண்டாம். அழுக்குக்கு ஏற்பக் கற்றுக்கொண்ட அளவைக் கணினி மறந்து, புதிதாகக் கற்க வேண்டும். அதற்கான முறை ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. சிலவற்றில் விளக்கு, ஏ.சி. இல்லாமல் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டாலே போதும், சிலவற்றுக்கு ஸ்கேனர் தேவை. காற்றளவு சென்சார் உள்ள வண்டியில், அதற்கென்று விற்கும் கிளீனரைத் தவிர வேறு எதையும் அதன் மெல்லிய கம்பியில் தெளிக்காதீர்கள்.

பத்தாம் படி: பெட்ரோல்

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இதை முன்னதாகவே பாருங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்கில் வாடைக் காலம் முழுவதும் நின்றால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கலாம், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வெளிநாடு போகும் முன் டேங்கை நிரப்பிவைப்பதும், வீட்டில் இருப்பவர் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டுவதும் நல்லது. வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிடுவதால் சைலன்சருக்குள் நீர் சேர்வதுதான் மிச்சம். ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று சந்தேகித்தால், டேங்கை வடித்துப் புதிய பெட்ரோல் ஊற்றுவதைப் பட்டறையில் செய்வதே பாதுகாப்பு.

சாவி போட்டவுடன் பின் இருக்கைக்கு அடியில் இரண்டு விநாடி ‘உர்’ என்ற ஒலி கேட்டால் பம்ப் வேலை செய்கிறது. அழுத்தம் போதுமா என்பதை மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும். சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் 3 முதல் 4 பார் வரை இருக்கும். சி.என்.ஜி. வண்டி என்றால் பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நடுக்கம் மறைந்தால், தேய்ந்த பிளக்கையே முதலில் சந்தேகியுங்கள், ஏனெனில் எரிவாயுவுக்கு வலுவான பொறி வேண்டும்.

இதுவரை எதிலும் சிக்காத ஒரே சிலிண்டர் மிஸ்ஸிங் என்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். எண் உயர்ந்தால் ரிங், உயராவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். இது பட்டறை வேலை.

டீசல் கார்களில் ஸ்பார்க் பிளக்கும் காயிலும் இல்லாததால் வரிசை மாறும். எர்த்தும் கப்ளரும் அப்படியே முதலில் நிற்க, பிறகு டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீர், கரி அடைத்த இ.ஜி.ஆர். வால்வ் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடுவது), இன்ஜெக்டர் என்று போக வேண்டும். ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்துப் பார்த்தால், தண்ணீர் இருக்கிறதா என்பது உடனே தெரியும். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயில் (காமன் ரெயில்) எஞ்சின் ஓடும்போது இருக்கும் அழுத்தம் தோலைத் துளைக்கும் அளவுக்குப் பெரியது என்பதால் இன்ஜெக்டர்க் குழாய்களை வீட்டில் தளர்த்தக் கூடாது.

கடைசிப் படி: அழித்து, ஓட்டி, உறுதி செய்தல்

ஒரு நேரத்தில் ஒரு பழுதை மட்டும் சரிசெய்து, கோடை அழித்து, வண்டியை முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் அதிகாலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். நண்பகலில் செய்யும் சோதனைக்கு நம் கடற்கரையில் மதிப்பில்லை. பிறகு இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை போய்த் திரும்புவது போல, ஒரே சீரான வேகத்தில் ஒரு தூரமும், ஊருக்குள் நின்று நின்று ஒரு தூரமும் ஓட்டுங்கள். பல குறைகளுக்கு இரண்டு பயணங்களில் தொடர்ந்து தென்பட்டால்தான் கணினி விளக்கைப் போடும். ஆகவே ஒரு நாள் விளக்கு வரவில்லை என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. ஸ்கேனரில் ‘பெண்டிங்’ என்ற பகுதியைப் பாருங்கள். விளக்கு வருவதற்கு முன்பே கோடு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் அழிக்காமலே விட்டாலும், குறை மூன்று பயணங்களில் தொடர்ந்து வராவிட்டால் பொதுவாக விளக்கு தானாக அணையும்.

மூன்று காலைகளுக்குப் பிறகும் பெண்டிங் பகுதி காலியாகவும், ஃப்யூயல் ட்ரிம் பத்துக்குள்ளும், எர்த் அளவு 0.1 வோல்ட்டுக்குள்ளும் இருந்தால், அந்த எண்களைத் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியது அந்த அட்டையைத்தான்.